ஞானஸ்நானமா, சான்றிதழா? கே.ஜி.கண்டிகையில் ஒரு கேள்வி

திருத்தணியிலிருந்து சோளிங்கர் போகும் சாலையில் இருக்கிறது கே.ஜி.கண்டிகை. ஞாயிற்றுக்கிழமை காலையில் அங்கு இறங்கினால் இரண்டு ஒலிபெருக்கிகள் காதில் விழும். ஒன்று, தணிகை மலைக்குக் காவடி எடுத்துப் போகிறவர்களின் வேனிலிருந்து வரும் முருகன் பாட்டு. மற்றொன்று, காலனிப் பக்கத்துத் தகரக் கூரை ஜெப வீட்டிலிருந்து வரும் பாட்டு. தமிழில் தொடங்கும் அந்தப் பாட்டு பாதியில் தெலுங்குக்குப் போய்விட்டுத் திரும்பும். 1960 ஏப்ரல் 1 வரை திருத்தணி சித்தூர் மாவட்டத்தில் இருந்த ஊர் என்பதால் இங்கே யாருக்கும் இது வியப்பாக இருப்பதில்லை.

அந்த ஜெப வீட்டுக்குப் பின்வரிசையில் உட்காரும் ஒரு கல்லூரி மாணவியைச் சந்தித்தோம். பெயரைப் போட வேண்டாம் என்றார். காரணத்தையும் அவரே சொன்னார். "எனக்கு ஞானஸ்நானம் எடுக்கணும்னு ரெண்டு வருஷமா ஆசை. அம்மா வேணாங்கறாங்க. சர்டிபிகேட்டுல இந்து ஆதிதிராவிடர்னு இருக்குது. முழுக்கு எடுத்துட்டு அதைக் காட்டுனா பொய்யி. காட்டலைன்னா ஸ்காலர்ஷிப் போச்சு. வேலை வாங்கிட்டு எடுத்துக்கோன்னு அம்மா சொல்றாங்க. வேலைக்காக சாமிகிட்ட பொய் சொல்லலாமா சார்?"

நம்மிடம் பதில் இல்லை. ஆனால் அவருடைய வகுப்புத் தோழிகள் கேட்கும் கேள்விகள் வேறு. நீ ஏன் அந்தச் சாமியை நம்புகிறாய்? நம்பினால் நம்பிக்கொள், எங்களிடம் வந்து ஏன் சொல்கிறாய்? இரண்டுமே நியாயமான கேள்விகள்தான். இந்த வாரம் அவற்றை எடுத்துக்கொள்கிறோம். மதம் மாறு என்றோ மாறாதே என்றோ சொல்வது இந்தப் பகுதியின் வேலையல்ல. சேரியில் பிறந்தவர் ஒரு நம்பிக்கையைத் தேர்ந்தெடுத்தால் அவரிடம் மட்டும் ஏன் இத்தனை விளக்கம் கேட்கிறார்கள் என்பதுதான் நம் அக்கறை.

அரிசிக்காகவா?

"பால் பவுடருக்கும் கோதுமைக்கும் மாறியவர்கள்" என்ற ஏச்சைக் கேட்காத தலித் கிறிஸ்தவர் இருக்க முடியாது. இந்த ஏச்சுக்கு நல்ல பதில் ஆந்திரப் பக்கத்திலேயே இருக்கிறது. நெல்லூருக்கும் வடக்கே ஓங்கோல். 1866-ல் அங்கே வந்து சேர்ந்தவர் அமெரிக்க பாப்டிஸ்ட் மிஷனரி ஜான் கிளஃப். ஆனால் அங்கே நடந்ததைத் தொடங்கிவைத்தவர் அவர் அல்ல. யர்ரகுண்ட்ல பெரியய்யா என்ற மாதிகர். தோல் தொழில் செய்த குடும்பம். கிறிஸ்துவைப் பற்றிக் கேள்விப்படுவதற்கு முன்பே குருமார்களைத் தேடி அலைந்தவர் அவர். அதே 1866-ல் அவரும் மனைவியும் ஞானஸ்நானம் பெற்றார்கள். பிறகு ஊர் ஊராக நடந்தார். மாமன் வீடு, மச்சான் வீடு, பெண் கொடுத்த வீடு என்று உறவின் வழியே செய்தி போனது. வெள்ளைக்காரர் குதிரையில் வந்து சொன்னதை விட, செருப்புத் தைத்துக்கொண்டே சொந்தக்காரர் சொன்னதுதான் ஊன்றியது. கிளஃபின் இரண்டாம் மனைவி எம்மா ரவுஷன்புஷ் கிளஃப் இந்த மாதிகர்களைப் பற்றி 1899-ல் எழுதிய புத்தகத்துக்குச் 'செருப்புத் தைக்கையிலே' என்று பொருள்படும் தலைப்பை வைத்தது சும்மா அல்ல.

தொடக்கத்தில் ஓங்கோலின் மேல்சாதியினரும் கிளஃபிடம் ஆர்வமாக வந்தார்கள். மாதிகர்கள் வரத் தொடங்கியதும் அவர்கள் தயங்கினார்கள். இவர்களைச் சேர்த்தால் நாங்கள் வரமாட்டோம் என்பது செய்தி. கிளஃப் குழம்பிப்போனார். அவர் தன் அறையில் வேதத்தைத் திறந்தபோதும், அவருடைய மனைவி வேறோர் அறையில் திறந்தபோதும், இருவர் கண்ணிலும் பட்டது கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதத்தின் ஒரே பகுதி என்று பிற்காலத்தில் தன் வாழ்க்கைக் கதையில் அவர் சொல்லியிருக்கிறார். உலகம் இழிவாக நினைப்பவர்களைக் கடவுள் தேர்ந்தெடுத்தார் என்று சொல்லும் பகுதி அது. மாதிகர்கள் சேர்க்கப்பட்டார்கள், மற்றவர்கள் போய்விட்டார்கள்.

அடுத்து வந்தது 1876-78 பெரும் பஞ்சம். நம் தாத்தாக்களின் தாத்தாக்கள் தாது வருஷப் பஞ்சம் என்று சொன்னது இதைத்தான். சென்னைக்காரர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு கடக்கிறார்களே, அந்தப் பக்கிங்காம் கால்வாய், அதன் வடபகுதியில் சில மைல் தூரம் வெட்டும் குத்தகையை கிளஃப் எடுத்தார். சாதி பார்த்து விரட்டப்பட்ட மாதிகர்களுக்குக் கூலி வேலை கிடைத்தது. சோறும் கிடைத்தது.

இங்கேதான் கவனிக்க வேண்டும். ஞானஸ்நானம் கேட்டு ஆயிரக்கணக்கில் வந்தார்கள். கிளஃப் கொடுக்கவில்லை. நிவாரணம் நடந்த ஓர் ஆண்டுக்கும் மேலான காலம் அதை நிறுத்தியே வைத்தார். சோற்றுக்காக வந்தவர் யார், நம்பி வந்தவர் யார் என்று தெரியாது என்பது அவர் கணக்கு. 1878-ல் பஞ்ச வேலை முடிந்து, கூலியும் நின்றபிறகு, போய்விடுங்கள், கொடுக்க ஒன்றுமில்லை என்று சொன்னபோதும் அவர்கள் போகவில்லை. எங்களுக்குக் காசு வேண்டாம், முழுக்குக் கொடுங்கள் என்றார்கள். 1878 ஜூலை 3 அன்று குண்டலகம்மா ஆற்றில் ஒரே நாளில் 2,222 பேர் முழுக்கு எடுத்தார்கள். முழுக்குக் கொடுத்தவர்கள் தெலுங்குப் போதகர்கள், இரண்டிரண்டு பேராக முறை மாற்றிக்கொண்டு. அந்த ஆண்டு முடிவதற்குள் எண்ணிக்கை 9,000-ஐத் தாண்டியது.

சோறு ஒரு காரணமே இல்லை என்று நாம் சொல்லவில்லை. பஞ்சத்தில் செத்துக்கொண்டிருப்பவனுக்கு முதலில் வேலை கொடுத்தவர் யார், அவன் பிணத்தைத் தொட்டவர் யார் என்பது அவன் மனத்தில் நிற்கத்தான் செய்யும். அதை மறந்துவிட்டு வெறும் தத்துவத்தை எடைபோட்டு நம்பு என்று வயிறு நிறைந்தவர்கள் சொல்வது வேடிக்கை.

காரணத்தை அவர்களிடமே கேட்டுப் பார்த்தவர்களும் உண்டு. வாஸ்கம் பிக்கெட் என்ற மெத்தடிஸ்ட் மிஷனரி இந்தியா முழுவதும் பல பகுதிகளில் ஆய்வு நடத்தி 1933-ல் வெளியிட்டார். கூட்டம் கூட்டமாகக் கிறிஸ்தவரானவர்களில் 3,947 பேரிடம், நீங்கள் ஏன் கிறிஸ்தவரானீர்கள் என்று கேட்டார்கள். நூற்றுக்கு 35 பேர் சொன்னது பாவம், மன்னிப்பு, நிம்மதி, கடவுள் போன்ற ஆன்மிகக் காரணங்கள். இன்னொரு 35 பேர் பெற்றோர் கிறிஸ்தவர் என்பதால். 22 பேர் சொந்தபந்தம், ஊர், சமூகம் என்றார்கள். உதவி, வேலை, பண்ணையாரிடமிருந்து பாதுகாப்பு போன்ற உலகக் காரணம் சொன்னவர்கள் 8 பேர்தான். கேட்டது மிஷனரி என்பதால் பதிலில் கொஞ்சம் மெருகு ஏறியிருக்கலாம். ஆனாலும் ஏச்சுக்கும் இந்தக் கணக்குக்கும் இடையில் உள்ள தூரம் பெரிது.

கே.ஜி.கண்டிகை ஜெப வீட்டிலும் நாம் கேட்டோம். ஒரு ஆயா சொன்னது இது: "எம் புருசன் குடிச்சி குடிச்சி செத்தாரு. எம் புள்ள குடிக்கல. அவன் ஜெபத்துக்கு வரான். எனக்கு இது போதும்யா." கட்டட வேலைக்குப் போகும் ஒருவர், "ஊர்க் கோயில்ல நான் வெளிய நின்னு கும்புடுவேன். இங்க என்னை முன்னாடி வந்து ஜெபம் பண்ணச் சொல்றாங்க" என்றார். வேதாந்தமும் இல்லை, விவாதமும் இல்லை. முன்னாடி வா என்று யாரோ கூப்பிட்டது அவருக்குக் காரணமாக இருக்கிறது. 2024-ல் நம் மாவட்டத்திலேயே, கும்மிடிப்பூண்டி அருகே வழுதலம்பேடு எட்டியம்மன் கோயிலில் தலித்துகள் நுழைவது தடுக்கப்பட்டு, அதிகாரிகள் கோயிலுக்குச் சீல் வைத்ததைப் படித்தவர்களுக்கு இந்தக் காரணம் புரியும்.

நிலத்தின் கதை

இன்னொரு காரணமும் நம் மாவட்டத்து மண்ணிலேயே புதைந்திருக்கிறது. திருவள்ளூரில் பணியாற்றிய வெஸ்லியன் மெத்தடிஸ்ட் மிஷனரி வில்லியம் கௌடி. அவர் பெயரில் அங்கே இன்றும் பள்ளி இருக்கிறது. பறையர்களின் அடிமை நிலைக்கு வேர் நிலம் இல்லாமைதான் என்று 1890-களில் எழுதியும் பேசியும் வந்தவர்களில் அவர் ஒருவர். செங்கல்பட்டு கலெக்டர் டிரெமென்ஹீர் 1891-ல் அனுப்பிய அறிக்கையும், 1892 செப்டம்பர் 30-ல் வந்த 1010-ஆம் எண் அரசாணையும் பஞ்சமி நிலத்துக்கு அடிப்படை. அந்த நிலத்தைத் திருப்பிக் கேட்டு 1994 அக்டோபரில் செங்கல்பட்டில் நடந்த போராட்டத்தில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இறந்தவர்கள் ஜான் தாமஸும் ஏழுமலையும். குண்டு பெயரைப் பார்த்துப் பாயவில்லை. சான்றிதழ்தான் பெயரைப் பார்க்கிறது.

சூசை என்ற செருப்புத் தொழிலாளி

நம் மாணவியின் சிக்கல் அவரோடு தொடங்கியதல்ல. 1936-ல் ஆங்கிலேய அரசு பட்டியல் சாதி ஆணையைப் போட்டபோதே இந்தியக் கிறிஸ்தவர் யாரும் அதில் வர முடியாது என்று எழுதிவிட்டது. சுதந்திர இந்தியாவின் 1950-ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணை, அதன் மூன்றாம் பத்தியில், இந்து அல்லாதவர் பட்டியல் சாதியினர் ஆகமாட்டார் என்றது. 1956-ல் சீக்கியர்களைச் சேர்த்தார்கள். 1990-ல் பௌத்தர்களைச் சேர்த்தார்கள். கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் வாசலிலேயே நிற்கிறார்கள்.

சென்னையில் சாலையோரம் செருப்புத் தைத்தவர் சூசை. ஆதிதிராவிடராகப் பிறந்து கிறிஸ்தவரானவர். பட்டியல் சாதியைச் சேர்ந்த செருப்புத் தொழிலாளிகளுக்கு அரசு இலவசமாகப் பெட்டிக்கடை கொடுத்தது. பக்கத்தில் உட்கார்ந்து அதே ஊசியால் அதே தோலைத் தைத்தவர்களுக்குக் கிடைத்தது, சூசைக்கு இல்லை. அவர் உச்ச நீதிமன்றம் வரை போனார். 1985 செப்டம்பர் 30-ல் தீர்ப்பு வந்தது. சாதி மதம் மாறிய பிறகும் தொடர்கிறது என்று மட்டும் காட்டினால் போதாது, அதே அளவு கொடுமை கிறிஸ்தவ சமூகத்துக்குள்ளும் தொடர்கிறது என்று நிரூபிக்க வேண்டும் என்று சொல்லி மனுவைத் தள்ளிவிட்டது நீதிமன்றம். ஒரு செருப்புத் தொழிலாளி இதை எப்படி நிரூபிப்பார்? அவர் ஒரு பெட்டிக்கடைதான் கேட்டார்.

ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007-ல் அந்த மூன்றாம் பத்தியை நீக்கச் சொன்னது. நீக்கவில்லை. 2022 அக்டோபரில் முன்னாள் தலைமை நீதிபதி கே.ஜி.பாலகிருஷ்ணன் தலைமையில் புதிய ஆணையம் போட்டார்கள். இரண்டு ஆண்டு கெடு, பிறகு நீட்டிப்பு. 2023 ஏப்ரல் 19-ல் தமிழ்நாடு சட்டப்பேரவை கிறிஸ்தவரான ஆதிதிராவிடருக்கும் பட்டியல் சாதி உரிமை தர வேண்டும் என்று தீர்மானம் போட்டு ஒன்றிய அரசுக்கு அனுப்பியது. 2024 நவம்பர் 26-ல் புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில், உண்மையான நம்பிக்கை இல்லாமல் இடஒதுக்கீட்டுக்காக மட்டும் இந்து என்று சொல்லிக்கொள்வது அரசியல் சட்டத்தின் மீதான மோசடி என்றது உச்ச நீதிமன்றம்.

மாணவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. தமிழ்நாட்டில் கிறிஸ்தவரான ஆதிதிராவிடருக்குப் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இடம் உண்டு. பி.சி. சான்றிதழ் வாங்கலாம். ஆனால் 18 சதவீதப் பட்டியல் சாதி ஒதுக்கீட்டில் போட்டி போட்டவர், பல வலுவான சாதிகள் உள்ள 26.5 சதவீதப் பட்டியலில் போய் நிற்க வேண்டும். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பும் கைவிட்டுப் போகும். 2025-ல் ஆந்திர உயர் நீதிமன்றம் ஒரு போதகர் கொடுத்த புகாரில் அப்படித்தான் சொன்னது. அவரைச் சாதி சொல்லித் திட்டியவர்கள் அவர் எந்தச் சபை என்று கேட்டுவிட்டா திட்டினார்கள்?

சபைக்குள்ளும் அதே தெரு

திட்டினவர்கள் வெளியே மட்டும் இல்லை. 1833-லேயே கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி கூடாது என்று சுற்றறிக்கை விட்டார். தஞ்சாவூர் மேல்சாதிக் கிறிஸ்தவர்கள் பலர் சபையை விட்டாலும் சாதியை விடமாட்டோம் என்றார்கள். திருச்சி மேலப்புதூர்க் கல்லறையில் செத்தவர்களைப் பிரிக்கச் சுவர் இருந்ததை நாடே அறியும். 2008 மார்ச்சில் உளுந்தூர்பேட்டை வட்டார எறையூரில், தங்களுக்குத் தனிப் பங்கு வேண்டும் என்று தலித் கத்தோலிக்கர்கள் கேட்டதில் எழுந்த மோதல் துப்பாக்கிச் சூட்டில் முடிந்து இரண்டு பேர் இறந்தார்கள். இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2016 டிசம்பரில் தலித் மேம்பாட்டுக் கொள்கை ஒன்றை வெளியிட்டு, சபைக்குள் சாதி இருப்பதை ஒப்புக்கொண்டது. சூசையிடம் கேட்ட சான்று 31 ஆண்டு கழித்துச் சபையின் வாயிலிருந்தே வந்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

அண்ணல் அம்பேத்கர் கிறிஸ்தவத்தைப் பற்றி நிறையப் படித்தார். மதம் மாறிய தீண்டப்படாதவர்கள் தங்கள் உரிமைக்காகப் போராடுவதைக் குறைத்துக்கொள்கிறார்கள், சபையும் சாதியோடு சமரசம் செய்துகொள்கிறது என்பது அவருடைய விமர்சனம். அவர் 1956 அக்டோபர் 14-ல் போன வழி பௌத்தம். அதற்கும் முன்பே அயோத்திதாசர் 1898-ல் அந்த வழியைத் தேர்ந்தெடுத்துவிட்டார். இரட்டைமலை சீனிவாசன் மாறாமலே போராடினார். ஆகக் காலனியில் பிறந்தவருக்கு ஒரே வழிதான் என்று எவரும் சொல்ல முடியாது.

ஏன் சொல்ல வேண்டும்?

இனி இரண்டாவது கேள்வி. நம்புகிறவர் ஏன் அடுத்தவரிடம் சொல்கிறார்? அரசியல் சட்டத்தின் 25-ஆம் பிரிவு மதத்தைப் பின்பற்றுவதோடு பரப்பவும் உரிமை தருகிறது. 'பரப்ப' என்ற சொல்லை நீக்க வேண்டும் என்று 1948 டிசம்பர் 6-ல் அரசியல் நிர்ணய சபையில் சிலர் வாதாடினார்கள். அந்தச் சொல்லுக்காக எழுந்து பேசியவர்களில் சென்னை மாகாணத்து இந்துக்கள் இருந்தார்கள் என்பது இன்று பலருக்கு மறந்துவிட்டது. எல்.கிருஷ்ணசாமி பாரதி, கே.சந்தானம், டி.டி.கிருஷ்ணமாச்சாரி. தாம் பல ஆண்டுகள் கிறிஸ்தவக் கல்வி நிலையங்களில் படித்தும் யாரும் தம்மை மாற்ற முயலவில்லை என்றும், தீண்டப்படாதவர்கள் மாறியதற்குக் காரணம் அங்கே கிடைத்த மரியாதை என்றும் டி.டி.கே. சொன்னார். 1977-ல் ஸ்டானிஸ்லாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஓர் எல்லை போட்டது. எடுத்துச் சொல்லலாம், ஆனால் இன்னொருவரை மாற்றுவது உரிமை ஆகாது.

தமிழ்நாட்டில் 2002 அக்டோபரில் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் வந்தது. சாதாரணமாக 3 ஆண்டு சிறை. மாற்றப்பட்டவர் பெண்ணாகவோ, சிறாராகவோ, பட்டியல் சாதி, பழங்குடியினராகவோ இருந்தால் 4 ஆண்டு. தலித்தும் பெண்ணும் குழந்தையோடு ஒரே வரிசையில். சொந்தமாக யோசித்து முடிவெடுக்கத் தெரியாதவர்கள் என்று சட்டப் புத்தகத்திலேயே எழுதியதை அன்று இந்தப் பக்கத்து இயக்கங்கள் கோபத்தோடு எதிர்த்தன. 2004-ல் அது திரும்பப் பெறப்பட்டது.

திருத்தணிக்காரர்களுக்கு இதில் இன்னொரு கதை தெரிந்திருக்க வேண்டும். 1888-ல் இங்கே பிறந்த சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் படித்தது திருப்பதி லுத்தரன் மிஷன் பள்ளி, வேலூர் ஊரிஸ் கல்லூரி, சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி. வேதாந்தத்தில் ஒழுக்கத்துக்கு இடமில்லை என்று ஆசிரியர்கள் சொன்னது அவரைச் சுட்டது. பதிலாகத்தான் எம்.ஏ. ஆய்வுரையை எழுதினார், 1908-ல் அச்சாயிற்று. அவரை எதிர்த்து வாதிட்ட பேராசிரியர் ஏ.ஜி.ஹாக், அந்த ஆய்வுரையைப் பாராட்டிச் சான்று கொடுத்தார். கிறிஸ்தவர்களின் விமர்சனம்தான் தம்மைத் தம் சமயத்தைப் படிக்கவைத்தது என்று ராதாகிருஷ்ணன் பின்னாளில் எழுதினார். சொன்னவர் சொன்னார், கேட்டவர் பதில் சொன்னார், இருவரும் மரியாதை குறையாமல் பிரிந்தார்கள். அந்த உரிமை பிராமண மாணவருக்கு இயல்பாகக் கிடைத்தது. காலனிப் பெண் அதையே செய்தால் யாரோ ஆசைகாட்டி ஏமாற்றிவிட்டார்கள் என்கிறார்கள்.

சொல்லும் முறையில் தவறு நடக்கிறது என்பதையும் மறைக்க வேண்டாம். அடுத்தவர் சாமியைப் பேய் என்று கைப்பிரதியில் அச்சடிப்பது, ஆடிக் கிருத்திகைக் கூட்டத்துக்குள் போய் ஒலிபெருக்கி வைப்பது, மாத்திரையை நிறுத்து, ஜெபம் போதும் என்பது, இவற்றை நாம் ஏற்க முடியாது. நம்பிக்கைக்குக் காரணம் கேட்பவர்களுக்குச் சாந்தமாகவும் மரியாதையாகவும் பதில் சொல்ல எப்போதும் தயாராக இரு என்றுதான் பேதுருவின் முதல் கடிதம் சொல்கிறது. கேட்பவருக்கு என்பதை வேகமான போதகர்கள் கவனிக்கலாம்.

மாணவியிடம், தோழிகளுக்கு என்ன பதில் சொல்கிறாய் என்றோம். "நானா போயி சொல்றதில்ல சார். எங்க ஆயாவுக்கு மருந்து வாங்கக் காசில்லாதப்ப சபைல வசூல் பண்ணிக் குடுத்தாங்க. அதைத்தான் சொல்வேன். நீயும் வாடின்னு ஒருத்தியக் கூப்பிட்டேன். அவ கிருத்திகைக்கு வாடின்னு என்னைக் கூப்பிட்டா. ரெண்டு பேரும் போகல" என்று சிரித்தார்.

சான்றிதழ் பற்றி என்ன முடிவு என்று கேட்டதற்குச் சிரிப்பு நின்றுவிட்டது. இந்த ஆண்டு ஸ்காலர்ஷிப் விண்ணப்பத்துக்குக் கடைசித் தேதி நெருங்குகிறது. மதம் என்ற கட்டத்தில் என்ன போடுவது என்று அம்மாவும் மகளும் இரண்டு வாரமாகப் பேசிக்கொள்வதில்லையாம்.

கிளம்பும்போது அந்த ஆயா வழிமறித்தார். "இம்மா நேரம் என்னையே கேட்டியே, நீ இன்னா சாமி கும்புடறே?" என்றார். சொன்னோம். "சரி, நல்லா இரு. கண்ண மூடு" என்று தலையில் கை வைத்து, கொஞ்சம் தமிழிலும் கொஞ்சம் தெலுங்கிலும் நமக்காக ஜெபம் செய்தார். பத்திரிகைக்காரர் நல்லபடியாக வீடு போய்ச் சேர வேண்டும், சர்டிபிகேட் விஷயத்தை நன்றாக எழுத வேண்டும் என்பது அதில் ஒரு வரி. சோளிங்கர் பஸ் வந்து நின்றது. அவர் முடிக்கும்வரை டிரைவர் ஹாரன் அடிக்கவில்லை.